ஆள் இல்லாத மதிப்பெண்

அழாத கட்சிக்காரரைக் கண்டால் மேடத்துக்குக் கொஞ்சம் பயம். அழுகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கலாம். கத்துகிறவரைக் கத்தவிட்டு ஜன்னலைச் சாத்தலாம். எதிரே உட்கார்ந்து மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆளை என்ன செய்வது? இத்தனைக்கும் மேடமே அந்த ரகம்தான். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளை இருபத்திரண்டு வருஷம் மோப்பம் பிடித்துவிட்டு, சலவைக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவர். அடுத்தவர் கஷ்டம் உறைப்பது எந்த வருஷம் நின்றது என்று அவருக்கே நினைவில்லை.

காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்த பெண் ஒரு நர்ஸ். கூட வந்தவர் அவளுடைய அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் சேர்த்து அண்ணனே பேசினார்.

"தொண்ணூத்தி மூணு புள்ளி நாலு மேடம்! சும்மா இல்ல. எட்டு வருஷமா வார்டுல வேலை பார்த்துக்கிட்டே படிச்சவ. எம்.பி.ஏ. முடிச்சா ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கே போயிடலாம். என்ன எழுதியிருக்கான் பாருங்க."

கடிதத்தை மேஜைமேல் அறைந்தார். மேலாண்மைக் கல்லூரியின் பெரிய முத்திரை, அதற்குக் கீழே சின்னதாக ஒரே வரி. 'தாங்கள் கட்-ஆஃப் மதிப்பெண்ணை எட்டவில்லை.'

"கட்-ஆஃப் எவ்வளவு?" என்றார் மேடம்.

"சொல்ல மாட்டாங்களாம். கொள்கையாம்."

"நாம எடுத்த மார்க்காவது லெட்டர்ல இருக்கா?"

"அதையும் போட மாட்டாங்க. தேர்வு நடத்துற கம்பெனி தனியா அனுப்பிச்சதுதான் எங்ககிட்ட இருக்கு."

"பலே! எங்க போற பஸ்ஸுன்னு போர்டு கிடையாது. ஏறினவனை மட்டும் 'நீ இந்த பஸ் இல்ல, இறங்கு'ன்னு இறக்கிவிடறாங்க" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

மேடத்தின் உதவியாளர் அவர். முப்பது வருஷம் தொலைதூர பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வுபெற்றபோது பையையும் விசிலையும் டிப்போவில் ஒப்படைத்தவர், வாயை மட்டும் ஒப்படைக்காமல் கொண்டுவந்துவிட்டார். இப்போதும் எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான்.

மேடம் நர்ஸைப் பார்த்தார். "இது எத்தனாவது தடவைம்மா?"

"மூணாவது. மூணு தடவைதான் எழுத விடுவாங்க."

"நேர்முகம் எப்போ?"

"நாளைக்குக் காலையில ஒன்பது மணி."

பல் விளக்கியாச்சா என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னாள். அண்ணன் பொறுக்கமாட்டாமல் நாற்காலியை முன்னால் இழுத்தார். "பத்து நாளா இப்படித்தான் மேடம். சாப்பிடறா, டூட்டிக்குப் போறா, வர்றா. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. ஒரு தடவை ஓன்னு அழுதுட்டாக்கூடத் தேவலாம்னு இருக்கு. அதைவிடுங்க, இவ கூட்டாளி ஒருத்தி இருக்கா. அதே ஆஸ்பத்திரியில மருந்துக் கவுண்டர். ரெண்டு பேரும் ஒரே மத்தியானம், ஒரே கம்ப்யூட்டர்ல உக்காந்து விண்ணப்பம் போட்டாங்க. அவ மார்க் எண்பத்தி நாலு. அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கான்! எவன் கையில என்னத்தை அழுத்தினாளோ."

"அவ அப்படிப்பட்டவ இல்லண்ணா" என்றாள் நர்ஸ், மேஜை விளிம்பைப் பார்த்தபடியே.

"உனக்கு என்ன தோணுதும்மா?" என்றார் மேடம்.

"எனக்கு ஒண்ணும் தோணலை மேடம். நான் லாயக்கு இல்லை போலிருக்கு, அவ்வளவுதான். அண்ணன் கூப்பிட்டாங்க, வந்தேன்."

மேடம் கைப்பையை எடுத்தார். இரக்கத்தால் எழவில்லை. எண்பத்து நாலு உள்ளே போய் தொண்ணூற்று மூன்று வெளியே நிற்கிறது என்றால் நடுவில் ஏதோ ஒரு கை இருக்க வேண்டும். அந்தக் கையைப் பார்க்கும் ஆசை மட்டும் அவருக்கு இன்னும் மிச்சமிருந்தது.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் வரிசை வாசல்வரை நின்றது. உள்ளே வெள்ளை கோட்டில் ஒரு பெண் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நர்ஸைக் கண்டதும் கத்தரிக்கோல் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

கண்டக்டர் குனிந்தார். "மருந்து எதுவும் வேண்டாம்மா. உண்மை ஒரு அட்டை கொடுத்தாப் போதும்."

பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே விட்டாள். அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். "நான் யாருக்கும் எதுவும் கொடுக்கலைங்க. சத்தியமா. லெட்டர் வந்தப்போ சந்தோஷப்பட்டிருக்கணும்ல? வரவே இல்ல. இவ மூஞ்சியைப் பார்க்கணுமேன்னு பத்து நாளா ஸ்டோர் ரூம்லயே சாப்பிடறேன்."

"கல்லூரிக்கு போன் பண்ணிக் கேட்டீங்களா?"

"பண்ணினேனே! என் மார்க்கு எண்பத்தி நாலு புள்ளி ஒண்ணுதான், ஒரு தடவை சரிபாருங்கன்னேன். 'மார்க் விவரம் பேசறதில்ல, கூப்பிட்டா வந்துட்டுப் போங்க'ன்னு வெச்சுட்டாங்க."

அழைப்பை வாங்கிக்கொண்டு ஓடிப்போகாமல், தனக்குக் கிடைத்தது தப்பாக இருக்குமோ என்று போன் போட்டுக் கேட்ட குற்றவாளியை மேடம் இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. லஞ்சக் கணக்கு அங்கேயே படுத்துவிட்டது. துப்பும் அதோடு போயிற்று. அவர் இரண்டு கடிதங்களையும் வாங்கி, மருந்துக் கவர்களை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாசகம் வேறு, முத்திரை ஒன்று. மேல் மூலையில் விண்ணப்ப எண்கள். நர்ஸுக்கு 2218. தோழிக்கு 2219.

"யாரு முதல்ல போட்டது?"

"அவதான்" என்றாள் தோழி. "அவ எழுந்ததும் அதே நாற்காலியில நான் உக்காந்தேன்."

"எழுதினவங்க எல்லாரும் சேர்ந்த செல்போன் குழு ஏதாவது இருக்கா?"

"இருக்கு. தினமும் கட்-ஆஃப் என்னவா இருக்கும்னு ஆளுக்கொரு ஜோசியம் சொல்லிட்டிருப்பாங்க."

"ரெண்டாயிரத்து இருநூத்தி இருபது, இருபத்தொண்ணு, அப்புறம் பதினேழு. இந்த மூணு எண்காரங்க யாருன்னு கேளுங்க. மார்க் என்ன, கூப்பிட்டாங்களா இல்லையா."

பதில் வருவதற்குள் தோழி நாலு பேருக்கு மருந்து கொடுத்து முடித்தாள். நர்ஸ் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு எதுவும் அவசரமில்லை. கண்டக்டர்தான் இருப்புக்கொள்ளாமல் இருமல் மருந்துப் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2217 எடுத்தது எழுபத்தொன்று, கூப்பிடவில்லை. அதில் ஆச்சரியமில்லை. 2220 எடுத்தது தொண்ணூற்றைந்து, கூப்பிடவில்லை. 2221 எடுத்தது வெறும் அறுபத்தாறு.

"அவரைக் கூப்பிட்டிருக்காங்க" என்று தோழி படித்தாள். "'என் ஆயுசுலயே இதுதான் முதல் அதிர்ஷ்டம், யாரும் கண் போட்டுடாதீங்க'ன்னு வேற போட்டிருக்கார்."

மேடம் ஒரு மருந்துக் கவரின் பின்பக்கத்தில் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பக்கத்தில் மார்க். அதற்குப் பக்கத்தில் முடிவு. ஒவ்வொரு மார்க்கிலிருந்தும் அடுத்த வரியின் முடிவுக்குச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். நாலு கோடும் அச்சடித்தாற்போல் பொருந்தின.

"அட!" என்றார் கண்டக்டர். "இவங்க மார்க் அவங்களுக்கு. அவங்க மார்க் அடுத்தவருக்கு. அடுத்தவர் மார்க் அதிர்ஷ்டசாலிக்கு!"

"ம். எல்லாருக்கும் தனக்கு மேலே இருக்கிறவரோட மார்க் போயிருக்கு. இந்தப் பொண்ணுக்கு அந்த எழுபத்தொண்ணு."

"மேடம், இது திருட்டு இல்ல. இதே கூத்தை நான் பண்ணியிருக்கேன்." கண்டக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "வேலைக்குச் சேர்ந்த புதுசு. சீட் வரிசைப்படி எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்சுக் கையில அடுக்கி வெச்சிருந்தேன். நாலாவது சீட்காரர் வண்டி எடுக்கறப்போ இறங்கிப் போயிட்டார். நான் அவர் டிக்கெட்டை எடுக்க மறந்துட்டேன். அஞ்சாவது ஆளுக்கு அவர் டிக்கெட், ஆறாவது ஆளுக்கு அஞ்சாவது ஆளோடது. வண்டி பூரா கொடுத்து முடிச்சா, என் கையில ஒரு டிக்கெட் மிச்சம். ஆள் இல்ல! அடுத்த ஸ்டாப்புல செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். அவர் பேசின பேச்சு இன்னிக்கும் காதுல ஒலிக்குது."

மேடம் அவரை அரை நிமிஷம் பார்த்தார். "அப்போ நாம அங்க போய் மார்க்கே கேக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்."

கிளம்பும்போது தோழி தன் கடிதத்தையும் எடுத்து மேடம் கையில் வைத்தாள். "இது என்னோடது இல்லைன்னா அவங்களே எடுத்துக்கட்டும்" என்றாள். நர்ஸ் அவள் தோளை லேசாகத் தட்டிவிட்டு நடந்தாள். அழுதது தோழிதான்.

கல்லூரியின் சேர்க்கை அலுவலகம் பளபளவென்று இருந்தது. கண்ணாடித் தடுப்பு, மூக்கில் ஏறும் ரூம் ஸ்பிரே வாசனை, சுவரில் 'மதிப்பெண் விவரங்கள் தெரிவிக்கப்பட மாட்டாது' என்று பித்தளைப் பலகை. அலுவலகக் கண்காணிப்பாளர் பரம சாது. குளிருக்குக் கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருந்தார். அந்தப் பலகையில் இருந்ததையே தேன் தடவி வாயால் ஒருமுறை சொன்னார்.

"மார்க்கை நாங்க கேக்கலை சார்" என்றார் மேடம். "நான் சொல்றேன், நீங்க கேளுங்க. உங்க லிஸ்ட்ல இந்தப் பொண்ணு மார்க் எழுபத்தொண்ணு. அடுத்த எண்காரிக்குத் தொண்ணூத்தி மூணு புள்ளி நாலு."

கண்காணிப்பாளரின் கை தானாகக் கணினிப் பக்கம் போனது. பார்த்தார். திரும்பியபோது தேன் வற்றியிருந்தது. "இது... இது வெளிய போகவே கூடாதே. யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. ஒரே கேள்வி. உங்க லிஸ்ட்ல பேர் எத்தனை? கம்பெனி அனுப்பின லிஸ்ட்ல மார்க் எத்தனை?"

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

"எண்ணுங்க சார். நபர் கணக்கு பார்க்காம வண்டியை எடுக்கலாமா?" என்றார் கண்டக்டர்.

எண்ணினார். கணினி எண்ணியது. பெயர்கள், மதிப்பெண்களைவிட ஒன்று குறைவு. ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மறுபடி எண்ணினார். அப்போதும் ஒன்று குறைவு.

கதை வெளியே வரப் பத்து நிமிஷம் ஆனது. 1804ஆம் எண்காரர் நடுவில் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அலுவலகத்தில் அவர் பெயரை அழித்தார்கள். கம்பெனியிலிருந்து வந்த மார்க் வரிசையில் அவர் மார்க் அப்படியே இருந்தது. பெயர் வரிசைக்குப் பக்கத்தில் மார்க் வரிசையைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். 1805லிருந்து கடைசி எண் 2629வரை எல்லாருக்கும் மேல்வீட்டுக்காரரின் மார்க். அடியில் ஒரு மார்க் மட்டும் ஆள் இல்லாமல் தொங்கியது. ஏதோ மிச்சம் என்று அதை அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"கடிதத்துல மார்க்கைப் போட்டிருந்தா முதல் நாளே நூறு பேர் உங்களுக்கு போன் பண்ணியிருப்பாங்க" என்றார் மேடம்.

"கொள்கை மேடம்..."

"கட்-ஆஃப் எவ்வளவுதான் சார்? இப்பவாவது வாயைத் திறங்க" என்றார் அண்ணன்.

கண்காணிப்பாளர் நெற்றியைத் துடைத்தார். "முன்கூட்டியே அப்படி ஒண்ணு கிடையாதுங்க. இருநூறு பேரைத்தான் கூப்பிடுவோம். மேலேருந்து இருநூறு எண்ணி ஒரு கோடு போடுவோம். இருநூறாவது ஆள் என்ன எடுத்தாரோ அதுதான் கட்-ஆஃப். இந்த வருஷம் அந்த இருநூறாவது ஆள்..." திரையைப் பார்த்தார். "ரெண்டாயிரத்து இருநூத்திப் பத்தொன்பது."

தோழி. அதாவது, தோழியின் பெயருக்கு எதிரே இருந்த நர்ஸின் மார்க். அண்ணன் தங்கையின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். "கேட்டியா? நீ பாஸுடி! கோட்டுக்கு மேல நீதான்!"

"சரிண்ணா" என்றாள் நர்ஸ்.

கண்காணிப்பாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலில் பழைய தேன் திரும்பியிருந்தது. "இதைப் பெருசு பண்ண வேண்டாமே. இவங்க பேரை இருநூத்தி ஒண்ணாவதா சேர்த்து இப்பவே ஒரு அழைப்புக் கடிதம் கொடுத்துடறேன். நாளைக்கு வரட்டும். அந்தத் தோழிப் பொண்ணும் வரட்டும், யாரையும் எடுக்க வேண்டாம். எல்லாருக்கும் நல்லது."

"கொடுங்க சார்! உடனே கொடுங்க" என்று அண்ணன் கையை நீட்டினார்.

கண்டக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் நர்ஸைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் என்ன சரி என்று பேசுகிற ஆள் இல்லை மேடம். கட்சிக்காரருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"மத்தவங்க?" என்றாள் நர்ஸ்.

"எந்த மத்தவங்க?"

"எனக்கு மேலயும் கீழயும் மார்க் மாறினவங்க. எத்தனை பேரு?"

"ஒரு... எண்ணூத்தி இருபத்தஞ்சு பேர் இருப்பாங்க."

"ரத்தம் எடுக்கறப்போ டியூப்ல லேபிள் மாறிடும் சார், சில சமயம்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஒண்ணு மாறினா அந்த டிரேயையே ஓரமா வெச்சுட்டு எல்லாருக்கும் மறுபடி எடுப்போம். ஒருத்தருக்கு மட்டும் சரி பண்ணிட்டு மத்தவங்க ரிப்போர்ட்டைத் தப்புன்னு தெரிஞ்சே அனுப்ப மாட்டோம். எனக்குப் பழக்கமில்ல. முழுசா சரி பண்ணிட்டு, அதுல நான் இருந்தா கூப்பிடுங்க."

"நீதான் இருக்கியே! அவரே சொல்லிட்டாரே!" என்றார் அண்ணன்.

"அப்போ என்னண்ணா பயம்?"

கண்காணிப்பாளர் திரையின் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்றீங்களாம்மா? வீட்டுக்குப் போய் பேசிட்டுக்கூட..." என்றார். அந்தப் பார்வை மேடத்தின் கண்ணில் பட்டது. ஏன் அங்கே பார்க்கிறார் என்று அந்த நொடியில் விளங்கவில்லை.

"யோசிச்சாச்சு சார்" என்றாள் நர்ஸ்.

இயக்குநருக்கு போன் போயிற்று. எட்டு 'சரிங்க சார்', ஒரு 'இல்லைங்க சார்'. நேர்முகத்தை மூன்று நாள் தள்ளிவைப்பது, திருத்திய பட்டியலை மார்க்கோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்று முடிவானது. மார்க்கோடு என்பது மேடம் போட்ட நிபந்தனை. இல்லையென்றால் அந்த மருந்துக் கவரே பத்திரிகை ஆபீஸுக்குப் போகும் என்று சாதாரணமாகச் சொன்னார். கண்காணிப்பாளர் 1804இன் மார்க்கை எடுத்துவிட்டு மற்றதை மேலே நகர்த்தினார். கடைசி வரி காலியாயிற்று. அழிந்துபோன அந்த மிச்ச மார்க்கை கம்பெனி லிஸ்டிலிருந்து எடுத்து அங்கே போட்டார். பிறகு மேலிருந்து கீழாக அடுக்கச் சொன்னார். அச்சுப்பொறி இரண்டு முறை முனகிவிட்டுத் தாளைத் தள்ளியது.

தாளை முதலில் பார்த்தது மேடம். இருநூறு வரிகளுக்குக் கீழே தடியாக ஒரு கோடு. நர்ஸின் எண்ணைத் தேடி விரல் இறங்கியது, கோட்டைத் தாண்டியது, நின்றது. கோட்டுக்குக் கீழே முதல் வரி. 2218. தொண்ணூற்று மூன்று புள்ளி நாலு.

"எப்படி?" என்றார் கண்டக்டர். வேடிக்கைப் பேச்சு எதுவும் கூட வரவில்லை.

"ஆள் இல்லாம தொங்கின மார்க்" என்றார் மேடம். "கடைசி எண்காரரோடது. தொண்ணூத்தி ஏழு. இத்தனை நாளா அது லிஸ்ட்லயே இல்ல. எடுத்துப்போட்ட 1804 மார்க் கோட்டுக்குக் கீழதான் இருந்தது, இப்போ இது கோட்டுக்கு மேல வந்திருக்கு. அதனால ஒருத்தர் வெளிய போகணும். கோட்டு மேல ஒட்டிக்கிட்டிருந்த ஒருத்தர்."

அண்ணன் தாளைப் பிடுங்கினார். பார்த்தார். தங்கையின் பக்கம் திரும்பினார். "வாயை மூடிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல! கையில கொடுத்தானே, கையில கொடுத்தானே... யாரோ எண்ணூறு பேருக்காக... உனக்கென்ன பெரிய தியாகின்னு நினைப்பா?"

அவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். கண்காணிப்பாளரிடம், "நேர்முகத்துக்கு யாராவது வரலைன்னா அடுத்தவரைக் கூப்பிடுவீங்களா?" என்றாள்.

"இல்லைம்மா. அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கும். அது..."

"கொள்கை" என்றார் கண்டக்டர்.

நர்ஸ் தலையாட்டினாள். கிளம்பப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "சார், போன ரெண்டு வருஷத்து லிஸ்ட் இருக்குமா? அதுல நான் எத்தனாவதுன்னு சொல்ல முடியுமா?"

கண்காணிப்பாளர் பித்தளைப் பலகையைப் பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதையோ தேடி, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

மேடம் தோள்வழியாக எட்டிப் பார்த்தார். மூன்று எண்கள். முதல் வருஷம் ஆயிரத்து நூற்று ஆறு. போன வருஷம் அறுநூற்று நாற்பது. இந்த வருஷம் இருநூற்று ஒன்று.

அண்ணன் அதை வாங்கி இரண்டு தரம் படித்தார். கோபமெல்லாம் எங்கேயோ போயிற்று. "இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கே... லாயக்கில்ல, லாயக்கில்லன்னுல்ல சொல்லிட்டிருந்தே. ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"எனக்கே யாரும் சொல்லலையேண்ணா" என்றாள் நர்ஸ். அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பத்து நாளாக வராததெல்லாம் வர, ஓவென்று அழுதாள்.